ஒடுங்கிய வாயும் விரிந்த ஒலியும்

முன்னறையிலே வானொலிப் பெட்டி பேசிக்கொண்டிருக்கின்றது. அடுக்களையில் வேலையாயிருப்பவர் அப்பெட்டியைக் காணார். ஆயினும், பாதி திறந்த கதவின் வழியே வருஞ் செய்தி அவர் செவிக்குத் தெளிவாகக் கேட்கின்றது. அதே முன்னறையில் எரியும் விளக்கின் ஒளியோ கதவிடுக்கின் வழியே ஒரு நேர்க்கீற்றாக நிலத்தில் விழுவதன்றி மூலைக்குத் திரும்புவதில்லை. சுவரிற் பட்டுத் தெறிக்கும் ஒலியும் ஓரளவு துணைசெய்கின்றது என்பது உண்மையே. ஆனால், தெறிப்பதற்குச் சுவரில்லாத வெட்டவெளியிலும், மதிலுக்கு அப்பால் ஒலிக்கும் மணி இப்பால் நிற்பவருக்குக் கேட்கின்றதன்றோ? ஒலி வளைந்து வருகின்றது; ஒளி வளைவதாகத் தோன்றவில்லை. இச்சிறு வேறுபாடு ஐரோப்பிய அறிஞரை நூறாண்டுகளுக்கு மேலாக மயங்கவைத்தது. மயக்கந் தெளிந்தபின், அத்தெளிவு கடலோடிகளின் உயிரைக் காக்கும் ஒரு கருவியாக உருப்பெற்றது. அவ்வரலாறு அறியத்தக்கது.

1687ஆம் ஆண்டில் ஐசாக் நியூற்றன் வெளியிட்ட 'பிரின்சிப்பியா' என்னும் பெருநூலின் இரண்டாம் புத்தகத்திலே ஒரு படம் உண்டு. ஓரிடத்திற் பிறந்த அலைகள் ஒரு தடையை நோக்கி வருகின்றன. அத்தடையின் நடுவே ஒரு துவாரம் இருக்கின்றது. துவாரத்தினூடே சென்ற அலை நேரே மாத்திரம் போகாது, தடைக்குப் பின்னால் அமைதியாயிருக்கும் இடங்களுக்குள்ளும் இருமருங்கும் பரவும் என்று நியூற்றன் நிறுவினார். பாய்பொருளொன்றிற் செல்லும் எவ்வகை இயக்கமும் இவ்வாறே விரிதல் வேண்டும் என்பது அவர் முடிபு. பிற்காலத்தில் தமது 'ஒளியியல்' நூலின் வினாப் பகுதியிலே இம்முடிபை அவர் ஓர் ஆயுதமாகவே கையாண்டார். மலைக்கு அப்பால் வெடிக்கும் பீரங்கியின் ஒலி இப்பாலுள்ளார்க்குக் கேட்கின்றது. வளைந்த குழாயினூடும் ஒலி நேரான குழாயினூடு போலவே செல்கின்றது. ஒளியும் ஓர் அலையாயின் அதுவும் இவ்வாறு நிழலுக்குள் வளைதல் வேண்டுமே; அவ்வாறு வளையக் காணோம்; ஆதலின் ஒளி அலையன்று. இதுவே அவரது வாதம்.

வாதம் நேர்த்தியானது, வாதித்தவரோ நியூற்றன். ஆகவே, ஒளி அலையென்று கூறிய ஒல்லாந்து நாட்டறிஞர் கிறிஸ்தியான் ஐகன்சின் 1690ஆம் ஆண்டு நூல் நெடுங்காலம் பலரின் கவனத்துக்கு வராது கிடந்தது. பொலோஞா நகரத்துக் குருவானவர் கிரிமால்டி, நுண்ணிய துளையினூடு சென்ற ஒளி நேர்க்கோடுகளால் எல்லையிடப்பட்ட பரப்புக்கு அப்பாலும் சற்றே விரிவதைக் கண்டு எழுதியிருந்தார். அவர் இறந்தபின் 1665இல் வெளிவந்த அந்நூலின் செய்தியை நியூற்றனும் அறிந்திருந்தார். அறிந்திருந்தும் அதற்கு வேறு விளக்கங் கூறினார். அவர் வாதத்தில் விடுபட்டது ஒரேயொரு வினா: துவாரம் எவ்வளவு அகலமானது, அதனூடு செல்லும் அலை எவ்வளவு நீளமானது என்பதே அது.

அவ்வினாவை நோக்கி முதலடி வைத்தவர் தோமஸ் யங் என்னும் இளம் வைத்தியர். 1800ஆம் ஆண்டில் ஒலியையும் ஒளியையும் பற்றி இலண்டன் அரச சங்கத்தாருக்கு அவர் எழுதிய கட்டுரையிலே, ஒலி துவாரத்தைக் கடந்ததும் எத்திசையிலுஞ் சமமாகவே பரவும் என்ற நம்பிக்கையை ஐயுற்றார். கூவுகுழலின் வாய்க்கு நேரே நிற்பவனுக்கு ஒலி உரத்துக் கேட்பதும், பக்கத்தில் நிற்பவனுக்குக் குறைந்து கேட்பதும் அனைவரும் அறிந்ததே. எனவே அலை என்பதனாலேயே அது எங்கும் ஒரே அளவாய் வளையும் என்று கொள்ளுதல் பொருந்தாது. அடுத்த சில ஆண்டுகளில், இரண்டு அலைகள் சந்திக்கும்போது முகடும் முகடும் சேர்ந்து வலுப்பெறும் என்றும், முகடும் தாழியும் சேர்ந்து ஒன்றையொன்று அழிக்கும் என்றும் காட்டிய யங், அக்கொள்கையைக்கொண்டு ஒளியலையின் நீளத்தையே கணித்தார். ஓர் அங்குலத்துள் ஏறத்தாழ 40,000 செவ்வொளி அலைகள் அடங்கும் என்பது இன்றைய அளவு. யங்கின் கணிப்பு அதற்கு வெகு தொலைவிலில்லை. ஆயினும் 'எடின்பரோ ரிவியூ' என்னும் பத்திரிகை அவரைக் கடுமையாகத் தாக்கிற்று. நியூற்றனை மறுப்பதா என்ற சினம் அக்காலத்தில் எளிதில் தணியவில்லை.

யங் தொடங்கியதை நிறைவேற்றியவர் பிரான்சிய எந்திரி பிரெனெல். 1818இல் பரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பரிசுக்கென அவர் எழுதிய கட்டுரை, துவாரத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு புதிய சிற்றலையைப் பிறப்பிக்கின்றது என்ற ஐகன்சின் எண்ணத்தையும், அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தவும் அழிக்கவும் வல்லன என்ற யங்கின் எண்ணத்தையும் ஒருங்கிணைத்தது. துவாரத்தின் விளிம்பிலும் தடையின் ஓரத்திலும் அலை வளைந்து பரவும் இந்நிகழ்ச்சியைப் பௌதிக நூலார் 'கோணல்' என்பர். அதன் விதியைச் சில சொற்களிற் கூறலாம்.

துவாரம் அலைநீளத்திலும் பன்மடங்கு அகலமானதாயின், சாய்ந்த திசையிற் செல்லும் சிற்றலைகளுள் ஓர் ஓரத்திலிருந்து வருவன மற்றையோரத்திலிருந்து வருவனவற்றுக்குப் பிந்திவிடும். முகடு தாழியைச் சந்திக்கும், ஒலி அழியும். நேர் முன்னோக்கிய திசையில் மாத்திரமே யாவும் ஒருங்கு சேரும். ஆகவே அகன்ற வாயினூடு சென்ற அலை ஒரு கற்றையாக நேரே போகும். துவாரம் அலைநீளத்திலுஞ் சிறியதாயின், எத்திசையிலும் பிந்துதல் என்பது பெரிதாக இராது. எல்லாத் திசைகளிலும் சிற்றலைகள் ஒத்துழைக்கும். ஆகவே ஒடுங்கிய வாயினூடு சென்ற அலை விசிறிபோல் விரியும். அகன்ற வழியால் அகலமாகவும், ஒடுங்கிய வழியால் ஒடுக்கமாகவும் பரவும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். உண்மை அதற்கு நேர்மாறானது.

ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 1,100 அடி செல்லும். வினாடிக்கு 110 அதிர்வுகளையுடைய ஆண்குரலின் அலை 10 அடி நீளமுடையது. மூன்றடி அகலமான கதவு அதற்கு ஒடுங்கிய வழியே. அதனாலேதான் அக்குரல் கதவைக் கடந்ததும் வீடெங்கும் விரிகின்றது. அதே கதவு ஒளியலைக்குப் பதினான்கு இலட்சம் மடங்கு அகலமானது. எனவே ஒளி நேர்க்கீற்றாய் விழுகின்றது. நியூற்றன் கண்ட வேறுபாடு அலைக்கும் துணிக்கைக்கும் உள்ள வேறுபாடன்று. நீண்ட அலைக்கும் குறுகிய அலைக்கும் உள்ள வேறுபாடே.

இவ்வுண்மையைக் காதாற் கேட்குமாறன்றிக் கண்ணாற் காணுமாறும் செய்தவர் இரேலிப் பிரபு. 1842இற் பிறந்த இவர், வாதக் காய்ச்சலிலிருந்து தேறும்பொருட்டு எகிப்து சென்று நைல் நதியிற் படகில் வாழ்ந்த காலத்தே 'ஒலிக் கொள்கை' என்னும் தம் நூலை எழுதத் தொடங்கினார். அந்நூல் 1877இலும் 1878இலும் இரு பாகங்களாக வெளிவந்தது. வேடர் பறவைகளை அழைக்க ஊதும் சிறு சீழ்க்கையை எடுத்து, செவிக்கு எட்டியும் எட்டாததுமான மிகவுயர்ந்த தொனியை எழுப்பினார். அதன் அலை ஓரிரு அங்குல நீளமே உடையது. அவ்வொலி பட்டதும் துடித்துக் குறுகும் வாயுச் சுடர் ஒன்றைச் செவிக்குப் பதிலாக வைத்தார். அலை குறுகியதும் ஒலியும் ஒளிபோல் நடக்கத் தொடங்கிற்று: தடைக்குப் பின்னே ஒலிக்கு நிழல் விழுந்தது. 1888இல் இலண்டன் அரச நிறுவகத்தில் நிகழ்த்திய விரிவுரையிலே, வட்டத் தட்டொன்றின் ஒலிநிழலின் நட்டநடுவில் ஒலி மீண்டுந் தோன்றுவதையும் அவர் காட்டினார். ஒளியில் பிரெனெலின் கொள்கையை நிலைநாட்டிய அதே அடையாளம் ஒலியிலும் வெளிப்பட்டது.

இத்துணையும் ஆய்வுகூடத்துச் செய்தி. இனிக் கடலுக்குச் செல்லல் வேண்டும். மூடுபனி கவிந்த கடலிலே வெளிச்சவீட்டின் ஒளி பயன்படாது. ஒலி ஒன்றே துணை. மணியும் பீரங்கியும் முதலிற் பயன்பட்டன. 1859இல் கனடாவின் சென் ஜோன் துறைமுகத்துப் பாற்றிட்ஜ் தீவிலே நீராவியால் ஊதப்படும் மூடுபனி ஊதுகொம்பு முதன்முதலாக நிறுவப்பட்டது. அதற்கு வித்திட்டவர் ரொபேட் பௌலிஸ். மூடுபனியிடையே வீடு திரும்பிய அவருக்குத் தம் மகள் வாசித்த பியானோவின் தாழ்ந்த சுரங்கள் மாத்திரமே கேட்டனவென்றும், அதனாலேயே தாழ்தொனிக் கொம்பு அவருக்குத் தோன்றிற்றென்றும் ஒரு கதை வழங்கிவருகின்றது. கதை எவ்வாறாயினும் கருத்துச் சரியானதே: தாழ்ந்த சுரத்தின் நீண்ட அலை தடைகளை எளிதில் வளைந்து கடக்கும், காற்றில் விரைவில் தேய்ந்தும் போகாது. எண்ணற்ற உயிர்களைக் காத்த அக்கருவியாற் பௌலிஸ் பயனடையவில்லை. 1866இல் வறியவராகவே இறந்தார்.

மூடுபனியே ஒலியை விழுங்குகின்றது என்பது அக்காலத்து நம்பிக்கை. 1708இல் வில்லியம் டேரம் என்னும் போதகர் எழுதிவைத்ததை எவரும் ஐயுறவில்லை. இங்கிலாந்தின் வெளிச்சவீடுகளைப் பராமரிக்கும் 'திரினிற்றி ஹவுஸ்' என்னும் சபையின் விஞ்ஞான ஆலோசகரான ஜோன் ரின்டல், 1873ஆம் ஆண்டு மே மாதந் தொடங்கி டோவருக்கு அண்மையிலுள்ள சவுத் போலண்ட் முனையிலே கொம்பு, சீழ்க்கை, பீரங்கி, நீராவிச் சைரன் ஆகியவற்றை ஒலிக்கச்செய்து, கப்பலிற் சென்று கேட்டுப் பார்த்தார். அவ்வாண்டு யூலை 3ஆந் திகதி வானந் தெளிந்து கடல் அமைந்திருந்தது. ஆயினும் பீரங்கியொலி இரண்டு மூன்று மைலுக்குள்ளேயே மறைந்தது. அடர்ந்த மூடுபனி நாட்களிலோ ஒலி தூரஞ் சென்றது. குற்றம் மூடுபனியினதன்று, காற்றின் வெப்பநிலையும் ஓட்டமும் இடத்துக்கிடம் வேறுபடுவதே ஒலியைச் சிதைக்கின்றது என்று தெரிந்தது.

இவ்வாராய்ச்சிகளாற் கப்பல்களுக்கு நேரும் ஆபத்து ஒழிந்துவிடவில்லை. 1875 மே மாதத்தில் சில்லித் தீவுகளருகே 'ஷில்லர்' என்னும் ஜேர்மன் கப்பல் மூடுபனியிற் பாறையில் மோதியதில் 335 பேர் மாண்டனர். 1899 மார்ச்சு 30ஆந் திகதி, சதம்டனிலிருந்து குவேர்ன்சித் தீவுக்குச் சென்ற 'ஸ்ரெல்லா' என்னும் கப்பல் மூடுபனியிடையே காஸ்கெற்ஸ் பாறைகளில் மோதி எட்டு நிமிடங்களில் மூழ்கிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்பாறைகளின் மேலேயே ஒரு வெளிச்சவீடும் ஒலிக்கருவியும் இருந்தன. கருவி இருந்தும், கேட்கவேண்டியவனுக்கு வேண்டிய வேளையிற் கேட்கவில்லையெனின் பயன் யாது?

ரின்டலுக்குப் பின் வந்த ஆலோசகர் வேறெவருமல்லர். 1896இல் அப்பதவியை ஏற்றவர் இரேலிப் பிரபுவே. பறவைச் சீழ்க்கையையும் வாயுச் சுடரையுங் கொண்டு கோணலை ஆராய்ந்தவர் இப்போது ஊதுகொம்பின் வாயை நோக்கினார். அக்காலத்துக் கொம்புகளின் வாய் வட்டமாகவே இருந்தது. வட்டவாய் பெரிதாயின் ஒலி கற்றையாக ஒரு திசையிலே போகும். பக்கத்திலுள்ள கப்பலுக்கு எட்டாது. வாய் சிறிதாயின் பக்கங்களுக்குப் பரவும். ஆனால் அவ்வாறு பரவுவது பக்கங்களுக்கு மாத்திரமன்று, வானத்துக்குமாகும். வானத்திற் கப்பல் ஓடுவதில்லை. மேலே செல்லும் ஒலி முழுவதும் வீண்.

வேண்டியது யாது? இடமும் வலமுமாக ஒலி விரிதல் வேண்டும். மேலுங் கீழுமாக விரிதல் ஆகாது. அலைநீளத்திலும் ஒடுங்கிய அகலமும், அலைநீளத்திலும் பன்மடங்கு உயரமுமுள்ள வாயே இதற்கு ஏற்றது. அதாவது, இடமும் வலமும் பரவவேண்டிய ஒலிக்கு, கொம்பின் வாயைப் படுக்கையாக அகற்றாது நிமிர்த்தி வைத்தல் வேண்டும். கண்டவர் வியந்திருப்பர், ஆயினும் யங்கும் பிரெனெலும் காட்டிய விதியின்படி வேறு முடிவுக்கு இடமில்லை. 1901இல் வைற்றுத் தீவின் சென் கத்தரீன் முனையிலே திரினிற்றி ஹவுஸ் நடத்திய பரிசோதனைகளில் இத்தகைய எக்காளம் ஆராயப்பட்டது. 1903இல் இரேலிப் பிரபு ஒலியின் உற்பத்தியையும் பரம்பலையும் பற்றித் தம் கருத்துகளை வெளியிட்டார்.

அவ்வெண்ணம் பேருருவம் பெற்றது கோண்வோல் நாட்டின் வடகரையிலுள்ள திரெவோஸ் முனையிலாகும். 1913ஆம் ஆண்டளவில் அங்கு நிறுவப்பட்ட 'இரேலி எக்காளம்' 36 அடி நீளமுடையது. அதன் வாய் 18 அடி உயரமும் 2 அடி மாத்திரமே அகலமுங் கொண்ட நீள்சதுரம். வினாடிக்கு 180 அதிர்வுகள் கொண்ட ஒலியை உதாரணமாகக் கொண்டால் அதன் அலை ஏறத்தாழ 6 அடி நீளமாகும். 2 அடி அகலம் அதன் மூன்றிலொரு பங்கே. எனவே ஒலி இருமருங்கும் அரைவட்டமாய்ப் பரவும். 18 அடி உயரமோ அலைநீளத்தின் மும்மடங்கு. எனவே கிடைமட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 20 பாகைக்குள்ளேயே பிரதான கற்றை அடங்கிவிடும். வானத்துக்குச் செல்லவிருந்த ஒலி கடலுக்குத் திருப்பப்பட்டது.

ஒலியை இன்னும் உரக்க எழுப்பினாற் போதாதோ, வாயின் வடிவைப் பற்றி ஏன் இத்துணைக் கவலை என ஒருவர் கேட்கலாம். இங்கேதான் மெல்லொலிக்கும் பேரொலிக்கும் உள்ள வேற்றுமை புலப்படுகின்றது. மேற்கூறிய விதி மெல்லொலிக்கு நன்கு பொருந்தும். பேரொலியிலோ, அலை தான் செல்லும் காற்றையே மாற்றிவிடுகின்றது. அமுக்கப்பட்ட பகுதி சூடேறி விரைந்து செல்ல, தளர்ந்த பகுதி பின்தங்குகின்றது. முகடு தாழியைத் துரத்திப் பிடிக்க, அலையின் முகம் செங்குத்தான சுவர்போலாகின்றது. 1848இல் ஸ்ரோக்ஸ் இதனைச் சுட்டினார். 1860இல் இங்கிலாந்தில் ஏண்ஷோவும் ஜேர்மனியில் ரீமானும் இதன் கணிதத்தை வகுத்தனர்.

இதனால் இரு தீங்குகள் விளைகின்றன. செங்குத்தான அலை முகத்திலே ஒலிச்சத்தி வெப்பமாய் வீணாகின்றது. அன்றியும், அடிப்படைத் தொனியின் இருமடங்கு மும்மடங்கு மீடிறனுள்ள தொனிகள் அலையினுட் பிறக்கின்றன. 6 அடி அலையினின்று பிறந்த மும்மடங்குத் தொனியின் அலைநீளம் 2 அடியே. அதற்கு 2 அடி வாய் முன்போல் ஒடுங்கிய வாயன்று. அத்தொனி முன்னோக்கியே அதிகஞ் செல்லும். ஆகவே பேரொலி ஒடுங்கிய வாயைக் கடக்கும்போது ஒரே அலையாய்க் கோணுவதில்லை. தாழ்தொனி பரந்தும் உயர்தொனி குவிந்தும் பிரிகின்றன.

சிறு துவாரத்தில் மூன்றாவது தீங்கொன்றும் உண்டு. துவாரத்தினூடு காற்று மிக விரைவாக முன்னும் பின்னும் அசையும்போது விளிம்பில் நில்லாது பிய்ந்து, புகைபிடிப்போர் விடும் வளையம் போன்ற சுழிகளாக வெளியேறுகின்றது. ஒலியாகப் பரவவேண்டிய சத்தி சுழியாகச் சுழன்று அடங்குகின்றது. ஒலியின் உரம் கூடக்கூடத் துவாரத்தின் தடையும் கூடுகின்றது என்பதை 1935இல் சிவியன் என்பார் அளந்தார். 1950இல் இங்கோட்டும் லபாட்டேயும் அச்சுழிகளையும் ஓட்டங்களையும் புகையின் துணையாற் கண்டு வகைப்படுத்தினர். மெல்லப் பேசுபவனுக்கு வழிவிடும் வாயில், கத்துபவனை வாயிலிலேயே பாதி நிறுத்திவிடுகின்றது எனலாம். எனவே வலுவைக் கூட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. உள்ள வலுவை வேண்டிய திசைக்கு அனுப்புவதே அறிவுடைமை.

ஆயினும் எக்காளத்தின் வடிவினால் எல்லாந் தீர்ந்தன என்று கொள்ளுதல் தவறாகும். 1913 செப்தெம்பரில் கனடாவின் சென் லோறன்ஸ் நதிமுகத்துப் பாதர் முனையிலே மக்கில் பல்கலைக்கழகத்து லூயி கிங் ஒலிக்கருவியொன்றின் திறனை அளந்தார். கடலில் ஒலியின் வலிமை தூரத்தோடு ஒழுங்காய்க் குறையாது, கூடியுங் குறைந்தும் மாறுவதை அவ்வளவைகள் காட்டின. எதிர்க்காற்று ஒலியை மேல்நோக்கி முறிக்கின்றது. கடலோடியின் தலைக்கு மேலாலே அது போய்விடுகின்றது. வாயினின்று வெளிவருவது வரையே மனிதனின் ஆட்சி; அதற்கப்பால் வானிலையின் ஆட்சி. அதனை உணர்ந்த மாலுமிகள், ஊதுகொம்பு கேட்கவில்லை என்பதனாற் கரை தொலைவிலுள்ளது என்று ஒருபோதும் கருதலாகாது எனக் கற்பிக்கப்பட்டனர்.

திரெவோஸ் முனையின் எக்காளம் 1960களின் தொடக்கம் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, தன் பணியைச் செய்தது. பின்னர் சிறிய கருவிகள் அதன் இடத்தைப் பெற்றன. ரேடாரும் செய்மதி வழிகாட்டலும் வந்தபின் உலகின் பல கரைகளில் ஊதுகொம்புகள் ஓய்ந்துவிட்டன. எனினும் இரேலி நிமிர்த்திவைத்த வாய் மறைந்துவிடவில்லை. பெரிய மண்டபங்களிலும் வழிபாட்டிடங்களிலும் தூணோரமாக நிற்கும் ஒடுங்கி உயர்ந்த ஒலிபெருக்கிப் பெட்டியைப் பலர் கண்டிருப்பர். சிறு ஒலிபெருக்கிகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அப்பெட்டி, கூரைக்கு ஒலியைச் சிந்தாது சபையின் இருமருங்கும் அனுப்புகின்றது. அதன் விதியும் திரெவோஸ் முனையின் விதியும் ஒன்றே.

நியூற்றனின் வாதத்தைத் திருத்தியது அவரினும் பெரிய அறிவன்று. அவர் கேளாதுவிட்ட ஓர் அளவு. துவாரமும் அலையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு என்ற வினா, முதலில் ஒளியின் இயல்பை உணர்த்திற்று. பின்னர் மூடுபனியில் வழிதவறியவனுக்குக் கரையை உணர்த்திற்று. அடுக்களையில் வேலையாயிருப்பவரின் செவிக்குப் பாதி திறந்த கதவின் வழியே இன்று இரவுச் செய்தியைக் கொண்டுசேர்ப்பதும் அதுவே.